விலை உசந்த ஸ்மார்ட்வாட்ச் காசுக்கு தகுமா? வாட்ச் ரிப்பேர் பெஞ்ச்ல இருந்து ஒரு பதில்

நீங்க எழுதுனத ரெண்டு தடவ படிச்சேன். பெரிய வாட்ச் கம்பெனி பேர் போட்ட, டைட்டானியம் கேஸும் சஃபையர் கிளாஸும் வெச்ச ஒரு ஸ்மார்ட்வாட்ச் பாத்து வெச்சிருக்கேன், அதே காசுக்கு நல்ல மெக்கானிக்கல் வாட்சே வரும், எது தகும்னு ஆரம்பிச்சு, விலை அதிகம்னா ஹார்ட் ரேட் சரியா காட்டுமா, தண்ணில போடலாமான்னு கேட்டுட்டு, கடைசில போற போக்குல "பிற்காலத்துல பொண்ணுக்கு குடுக்கற மாதிரி இருக்கணும்"னு ஒரு வரி போட்டு முடிச்சிருக்கீங்க. எனக்கு என்னமோ அந்த கடைசி வரிதான் நிஜ கேள்வின்னு படுது. மத்ததெல்லாம் அதுக்கு முன்னாடி சுத்தி வளைச்சு வந்த கேள்விங்க.

அதனால அதுக்கே மொதல்ல பதில் சொல்லிடறேன். பொண்ணுக்கு குடுக்கறதுக்குன்னா வேண்டாம், இதுல எனக்கு சந்தேகமே இல்ல. நாலஞ்சு வருஷம் ஆசையா கட்டிக்கறதுக்கு, அந்த காசு போனாலும் வீட்ல எதுவும் இடிக்காதுன்னா, அது உங்க இஷ்டம், நான் குறுக்க நிக்க மாட்டேன். ஆனா அதிக விலைக்கு அதிக துல்லியம் கெடைக்கும்னு நெனச்சு வாங்கினீங்கன்னா ஏமாறுவீங்க.

நான் யாருன்னு சொல்லிடறேன், அப்பதான் எத நம்பறது எத விடறதுன்னு நீங்க முடிவு பண்ண முடியும். இருபது வருஷத்துக்கு மேல வாட்ச் ரிப்பேர்தான் தொழில். சாவி குடுக்கற வாட்ச், கை அசைவுல தானா சாவி ஏறற ஆட்டோமேட்டிக், பேட்டரில ஓடற குவார்ட்ஸ் இதுலதான் கை பழகுச்சு. கடந்த எட்டு ஒம்போது வருஷமா ஸ்மார்ட்வாட்சும் பெஞ்சுக்கு வருது, பேட்டரி மாத்தறது, கிளாஸ் மாத்தறது, தண்ணி பூந்தத காய வெக்கறது இந்த மாதிரி. உள்ள இருக்கற பொருள் எப்படி பழசாகுதுன்னு எனக்கு தெரியும். நான் டாக்டர் இல்ல, சாஃப்ட்வேர் எழுதறவனும் இல்ல, அந்த ரெண்டு விஷயத்துல பொதுவுல வெளியானத படிச்சு தெரிஞ்சிக்கிட்டதுதான் சொல்வேன்.

ஒரு மெக்கானிக்கல் வாட்ச தொறந்தா பின் மூடி மறையோட கழண்டு வரும், உள்ள மெஷின் இருக்கும், அதுல ஒவ்வொரு சக்கரத்தையும் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் தனித்தனியா எடுத்து கழுவி எண்ணெய் போட்டு திரும்ப அதே எடத்துல வெக்கலாம். ஒரு பல்லு தேஞ்சிருந்தா அந்த சக்கரத்த மட்டும் மாத்தலாம், பார்ட் கெடைக்கலன்னா கடைசல்ல கடைஞ்சு செய்யறவங்க இன்னிக்கும் இருக்காங்க. என் தாத்தா வயசு வாட்செல்லாம் என் பெஞ்ச்ல ஓடியிருக்கு. ஸ்மார்ட்வாட்ச் வேற ஜாதி. பெரும்பாலும் கிளாஸ் பக்கமாதான் தொறக்கணும், சூடு காட்டி பசைய இளக்கி, மெல்லிசா ஒரு தகட்ட விட்டு நெம்பணும், கொஞ்சம் அவசரப்பட்டா ஸ்க்ரீனோட ரிப்பன் அறுந்துடும். உள்ள பாத்தா ஒரு பேட்டரி, ஒரு போர்டு, ஒரு அதிர்வு மோட்டர், அடில சென்சார். அந்த போர்டுல ஒரு சிப் போச்சுன்னா அத மட்டும் மாத்தறதெல்லாம் நடைமுறைல நடக்காது, போர்டே போச்சுன்னு அர்த்தம். இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, விலை பத்து மடங்கா இருந்தாலும் உள்ள இருக்கற இந்த குடும்பம் கிட்டத்தட்ட ஒரே குடும்பம்தான். சிப் செய்யற கம்பெனிங்கள உலகத்துலயே விரல் விட்டு எண்ணிடலாம், பெரிய பிராண்டும் அவங்ககிட்டதான் வாங்குது. நீங்க கூடுதலா குடுக்கற காசு முக்கால்வாசி கேஸுக்கும் பேருக்கும் போகுது.

பேட்டரி விஷயத்த கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா ஆயுச முடிவு பண்றது அதுதான். எல்லாத்துலயும் லித்தியம் அயன்தான். அது ரெண்டு விதமா வயசாகும், சார்ஜ் ஏத்தி எறக்க எறக்க ஒரு பக்கம் தேயும், சும்மா வெச்சிருந்தாலும் காலம் போகப்போக இன்னொரு பக்கம் தேயும். ஃபோன்ல பேட்டரி பெருசு, வாட்ச்ல தீப்பெட்டில பாதி கூட இருக்காது, அதனால தெனமும் கிட்டத்தட்ட முழுசா காலியாகி முழுசா ஏறும். ஆப்பிள் மாதிரி கம்பெனி 1000 முழு சுழற்சிக்கு அப்புறமும் 80 சதவீதம் கொள்ளளவு நிக்கற மாதிரி செஞ்சிருக்கோம்னு சொல்றாங்க, சரி, அது உண்மைன்னே வெச்சிப்போம், தெனம் ஒரு தடவ சார்ஜ்னா 1000 நாள்ங்கறது மூணு வருஷத்துக்கும் கம்மி. புதுசுல ஒரு நாள் முழுக்க வந்தது அப்புறம் சாயங்காலமே "சார்ஜ் பண்ணு"ன்னு கெஞ்ச ஆரம்பிக்கும். மாத்தலாமேன்னு கேப்பீங்க, மாத்தலாம், பார்ட் கெடைக்கற வரைக்கும். சாதாரண குவார்ட்ஸ் வாட்ச்ல போடற 377ங்கற பட்டன் செல் இருக்கே, அது உலகத்துல எந்த மூலைலயும் கெடைக்கும், எந்த கம்பெனி செல்லும் அந்த அளவு போடற எந்த கம்பெனி வாட்ச்லயும் உக்காரும். ஸ்மார்ட்வாட்ச் பேட்டரிக்கு அந்த மாதிரி பொது அளவே கெடையாது. ஒவ்வொரு மாடலுக்கும் தனி வடிவம், தனி கனெக்டர். அந்த மாடல கம்பெனி கைவிட்டா, யாரோ எங்கயோ செஞ்ச டூப்ளிகேட்தான் மிச்சம், அதுல சிலது ஒரு வருஷத்துல உப்பி கிளாஸையே தூக்கிட்டு நிக்கறத நான் நெறைய பாத்திருக்கேன்.

ஒரு பெரியவர் வந்தாரு, பிராண்ட் பேர் வேண்டாம், நல்ல விலை குடுத்து வாங்கின ஸ்மார்ட்வாட்ச், கேஸ்ல ஒரு கீறல் இல்ல, அவ்ளோ பத்திரமா வெச்சிருந்தாரு. ஆனா ஆன் ஆகல. கம்பெனி சர்வீஸ்ல கேட்டதுக்கு இந்த மாடலுக்கு பார்ட் நிறுத்தியாச்சு, புதுசு வாங்கினா தள்ளுபடி தரோம்னு அனுப்பி வெச்சிட்டாங்க. அவரு என்கிட்ட கேட்டது எனக்கு இன்னிக்கும் ஞாபகம் இருக்கு: "தம்பி, உள்ள இருக்கறத எல்லாம் எடுத்து எறிஞ்சிட்டு, இதுக்குள்ள ஒரு சாதா வாட்ச் மெஷின போட்டு குடுத்துடேன், முள்ளு ஓடினா போதும் எனக்கு." கேக்க சிரிப்பா இருக்கும், ஆனா அந்த ஆள் கேட்டதுதான் சரியான கேள்வி. கேஸ் அம்பது வருஷம் ஓடற பொருள், அதுக்குள்ள வெச்சது அஞ்சு வருஷம் ஓடற பொருள், இந்த ரெண்டையும் ஏன் ஒண்ணா ஒட்டி வித்தாங்கன்னு அவருக்கு புரியல. என்னால போட்டுக் குடுக்க முடியல, ஏன்னா கிரவுன், அதாவது பக்கத்துல இருக்கற திருகு, அதோட ஓட்டை மெஷின் அச்சுக்கு நேரா வரல, மெஷின உக்கார வெக்க உள்ள அமைப்பு இல்ல, கிளாஸும் ஸ்க்ரீனும் ஒண்ணா ஒட்டினது. திருப்பி குடுத்துட்டேன்.

இத நான் மட்டும் சொல்லல, அந்த கம்பெனிங்களே ஆரம்பத்துல இருந்து தெரிஞ்சுதான் வெச்சிருந்தாங்க. டேக் ஹியூவர் 2015 நவம்பர்ல கூகுள், இன்டெல் ரெண்டு பேரோடயும் சேந்து கனெக்டட்னு மொத ஸ்மார்ட்வாட்ச விட்டப்ப விலை 1,500 டாலர். கூடவே ஒரு திட்டம் வெச்சாங்க, ரெண்டு வருஷ வாரன்டி முடிஞ்சதும் இத குடுத்துட்டு மேல இன்னொரு 1,500 டாலர் கட்டினா மெக்கானிக்கல் வாட்ச் ஒண்ணு வாங்கிக்கலாம்னு. யோசிச்சு பாருங்க, சுவிட்சர்லாந்துல தலைமுறை தலைமுறையா வாட்ச் செஞ்ச கம்பெனி, "எங்க வாட்ச் உங்க பேரன் வரைக்கும் ஓடும்"னு விக்கற தொழில்ல இருக்கறவங்க, ரெண்டு வருஷத்துல வெளிய போற வழிய பில்லோடயே சேத்து குடுக்கறாங்க. அடுத்து 2017ல கனெக்டட் மாடுலர் 45ன்னு விட்டாங்க, அதுல நடு பாகத்த கழட்டிட்டு மெக்கானிக்கல் வாட்ச் பாகத்த மாட்டிக்கலாம். அந்த பெரியவர் கேட்டத கம்பெனியே செஞ்சு பாத்துச்சு! எனக்கு அந்த யோசனை ரொம்ப புடிச்சிருந்துச்சு, நேர்மையான யோசனை. ஆனா அடுத்த தலைமுறை கனெக்டட் 2020ல வந்தப்ப அந்த மாத்தற வசதிய விட்டுட்டாங்க.

இதவிட பெரிய பாடம் ஆப்பிளோட தங்க வாட்ச். 2015 ஏப்ரல்ல வந்த மொத ஆப்பிள் வாட்ச்ல எடிஷன்னு ஒரு வரிசை, 18 காரட் தங்கம், 10,000 டாலர்ல ஆரம்பிச்சு 17,000 வரைக்கும். அதே நேரத்துல வந்த அலுமினியம் மாடல் 349 டாலர். ரெண்டுக்குள்ளயும் ஒரே சிப், ஒரே சாஃப்ட்வேர், ஒரே சென்சார். அடுத்த வருஷம் செப்டம்பர்லயே தங்கத்த நிறுத்திட்டு செராமிக்குக்கு போயிட்டாங்க. 2018ல வாட்ச்ஓஎஸ் 5ங்கற புது சாஃப்ட்வேர் வந்தப்ப மொத தலைமுறைக்கு அப்டேட் இல்லன்னு சொல்லிட்டாங்க, 349 குடுத்தவனுக்கும் இல்ல, 17,000 குடுத்தவனுக்கும் இல்ல. 2023ல தங்க மாடல் வழக்கொழிஞ்ச பொருள் பட்டியல்லயும் சேந்துடுச்சு, அதாவது இனிமே கம்பெனி ரிப்பேர் கெடையாது. தங்கத்துக்கு தங்க விலை இருக்கேன்னு சொல்லலாம், 18 காரட்னா முக்கால் பங்கு தங்கம், அது போகாதுதான். ஆனா உருக்கி காசாக்கறதுக்கா ஒருத்தர் வாட்ச் வாங்குவாரு?

சாஃப்ட்வேர் பக்கமும் இதே கததான், வேற மாதிரி. வாட்ச் கம்பெனி ஓஎஸ்ஸ, அதாவது வாட்ச ஓட்டற அடிப்படை சாஃப்ட்வேர, சொந்தமா எழுதலன்னா கூகுள் என்ன முடிவு பண்ணுதோ அதுக்கு கட்டுப்பட்டாகணும். 2021ல கூகுள் தன்னோட வாட்ச் ஓஎஸ்ஸான வேர் ஓஎஸ்ல 3ஆவது பதிப்ப அறிவிச்சப்ப பழைய சிப் போட்ட வாட்ச்ல பெரும்பாலானதுக்கு அப்டேட் கெடையாதுன்னு ஆச்சு, அதுல விலை கம்மியும் இருந்துச்சு விலை ஜாஸ்தியும் இருந்துச்சு. சில லக்சுரி பிராண்டுங்க இப்ப கூகுள விட்டுட்டு சொந்த ஓஎஸ்ஸுக்கு போறாங்க, டேக் ஹியூவரே 2025ல அப்படி மாறிடுச்சு. அது நல்லதா கெட்டதான்னு இப்பவே சொல்றது கஷ்டம், பேட்டரி அதிகம் நிக்கலாம், ஆனா ஆப் கம்மியா இருக்கும், எத்தன வருஷம் அத பராமரிப்பாங்கங்கறது அந்த கம்பெனியோட மனசப் பொறுத்தது. அப்புறம் ஃபோன் ஜோடி ஒண்ணு இருக்கு, இத நெறைய பேர் வாங்கின அப்புறம்தான் கவனிக்கறாங்க. ஆப்பிள் வாட்ச் ஐஃபோன் இல்லாம வேலைக்காகாது. சாம்சங் 2021ல கேலக்ஸி வாட்ச் 4ல இருந்து ஐஃபோனுக்கு கதவ சாத்திடுச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு நீங்க ஃபோன மாத்தினீங்கன்னா கைல கட்டின வாட்ச் அனாதையாகிடும். சாவி குடுக்கற வாட்ச் நீங்க என்ன ஃபோன் வெச்சிருக்கீங்கன்னு கேக்கறதில்ல.

இப்ப துல்லியம். வாட்ச்க்கு அடில பச்சை வெளிச்சம் மின்னுது பாத்திருப்பீங்க. ரத்தம் பச்சை வெளிச்சத்த நல்லா உறிஞ்சும், இதயம் ஒவ்வொரு தடவ துடிக்கும்போதும் மணிக்கட்டுல ரத்தம் கூடி கொறையும், திரும்பி வர்ற வெளிச்சமும் அதுக்கேத்த மாதிரி ஏறி எறங்கும், அத எண்ணினா நாடித்துடிப்பு. அவ்ளோதான் சங்கதி. இதுல தப்பு எங்க வரும்னா, வாட்ச் கைல ஆடும்போது, வெளி வெளிச்சம் உள்ள பூரும்போது, குளிர்ல கை சில்லிட்டு ரத்த ஓட்டம் கொறையும்போது, அந்த எடத்துல பச்சை குத்தியிருக்கும்போது. இதுல ஒண்ணுகூட விலைல சரியாகாது. சொல்லப்போனா தலகீழா நடக்கும். கனமான ஸ்டீல் கேஸ், மெட்டல் செயின், அத பந்தாவா கொஞ்சம் தளர்த்தி கட்டுவோம், அது ஓடும்போது மேலயும் கீழயும் சறுக்கும், ரீடிங் கன்னாபின்னான்னு போகும். விலை கம்மியான லேசான வாட்ச ரப்பர் ஸ்ட்ராப்ல இறுக்கமா, மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேல கட்டினா அதுதான் நல்ல கணக்கு காட்டும். என்கிட்ட "ஹார்ட் ரேட் தப்பா காட்டுது, சென்சார் போச்சு"ன்னு வர்றதுல பாதிக்கு நான் செஞ்ச ரிப்பேர் ஸ்ட்ராப்ல ஒரு ஓட்டை தள்ளி போட்டதுதான், அதுக்கு காசு கூட வாங்கறதில்ல.

கலோரி கணக்க சுத்தமா நம்பாதீங்க. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல 60 பேர வெச்சு ஏழு கருவிய சோதிச்சு 2017ல வெளியிட்டாங்க, அதுல ஆறு கருவி நாடித்துடிப்ப 5 சதவீத தப்புக்குள்ள காட்டுச்சு, நல்ல விஷயம். கலோரில ஒண்ணுகூட ஒழுங்கா காட்டல, இருக்கறதுல நல்லதே சராசரியா 27 சதவீதம் தப்பு, மோசமானது 93 சதவீதம். அதுக்கப்புறம் கருவிங்க தேறியிருக்கும், ஆனா மணிக்கட்டுல இருந்து கலோரிய ஊகிக்கறதுங்கற அடிப்படை சிக்கல் அப்படியேதான் இருக்கு. தூக்கத்துல ஆழ்ந்த தூக்கம், கனவு தூக்கம்னு பிரிச்சு காட்டற படமும் ஊகம்தான், எத்தன மணி நேரம் படுத்திருந்தோம்ங்கறது ஓரளவு சரியா இருக்கும்.

ஈசிஜி பத்தி தனியா ஒரு வார்த்த. அது நிஜமான வசதி, 2018ல ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 4 அதுக்கு எஃப்டிஏவோட, அதாவது மருந்து, மருத்துவ கருவிய கண்காணிக்கற அமெரிக்க அரசு அமைப்போட, அனுமதி வாங்குச்சு. ஆனா அது ஒரே ஒரு கோணத்துல பாக்கற ஈசிஜி, ஆஸ்பத்திரில எடுக்கறது பன்னெண்டு கோணம். வாட்ச் முக்கியமா பாக்கறது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்ங்கற ஒழுங்கில்லாத துடிப்ப. மாரடைப்ப அது கண்டுபுடிக்காது, கம்பெனியே அப்படித்தான் எழுதி வெச்சிருக்கு. நெஞ்சு வலிக்கும்போது வாட்ச்ல விரல வெச்சு பாத்து "நார்மல்னு காட்டுது"ன்னு யாரும் உக்காந்துடாதீங்க, இத மட்டும் கெஞ்சி கேட்டுக்கறேன். ஈசிஜி இல்லாம, அடில இருக்கற வெளிச்ச சென்சார வெச்சு வாட்ச் தானா எச்சரிக்கறதும் உண்டு, நல்லா இருக்கற ஆளுக்கு அது எவ்ளோ ஒதவும்னா, ஆப்பிள் ஹார்ட் ஸ்டடின்னு நாலு லட்சத்துக்கு மேல ஆள் சேந்த ஆய்வு 2019ல வெளியாச்சு, அதுல ஒழுங்கில்லாத துடிப்புன்னு எச்சரிக்கை வந்தது 0.52 சதவீதம் பேருக்கு, அதுவும் வயசு கூடக் கூடத்தான் அதிகம். இதுக்கு மேல உங்க ஒடம்புக்கு இது தேவையாங்கறது உங்க டாக்டர் சொல்ல வேண்டியது. இன்னொண்ணு, ஊசி குத்தாம சர்க்கரை பாக்கும்னு விக்கற வாட்ச் எதுவா இருந்தாலும், விலை என்னவா இருந்தாலும், நம்பாதீங்க. அப்படி தானா சர்க்கரை அளக்கற எந்த ஸ்மார்ட்வாட்சுக்கும் நாங்க அனுமதி குடுக்கலன்னு எஃப்டிஏ 2024 பிப்ரவரில பகிரங்கமா எச்சரிச்சிருக்கு.

அப்ப கூடுதல் காசுக்கு ஒண்ணுமே வராதான்னா, வரும், அத மறைக்கக் கூடாது. மொதல்ல கிளாஸ். கடினத்த அளக்கற மோஸ் அளவுல சஃபையர் 9, மண்ணுல இருக்கற குவார்ட்ஸ் துகள் 7, சாதா கிளாஸ் அதுக்கும் கீழ. அதனாலதான் சாதா கிளாஸ்ல தெரியாமலே கீறல் விழும், சஃபையர்ல வைரம், இன்னொரு சஃபையர் இந்த மாதிரி பட்டாதான் விழும். பத்து வருஷம் கட்டின சஃபையர் கிளாஸ தொடச்சு வெச்சா புதுசு மாதிரி இருக்கும், இது நான் தெனம் பாக்கற விஷயம். ஆனா கடினம் வேற, ஒடையாம இருக்கறது வேற. சஃபையர் வளையாது, ஓரத்துல சரியா அடி பட்டா பளிங்கு மாதிரி தெறிக்கும், கெட்டிப்படுத்தின சாதா கிளாஸ் அதே அடிய சில சமயம் தாங்கிடும். கேஸ்ல டைட்டானியம் எடை விஷயத்துல நெஜமாவே சுகம், அதோட அடர்த்தி 4.5, ஸ்டீலுக்கு கிட்டத்தட்ட 8, அதாவது அதே கேஸ் பாதிக்கு கொஞ்சம் மேலதான் எடை வரும், தூங்கும்போது கட்டிக்கறவங்களுக்கு வித்தியாசம் நல்லா தெரியும். வேர்வைக்கு கை அரிக்கறவங்களுக்கும் டைட்டானியம் ஒத்துக்கும். சுத்த டைட்டானியம்னா சீக்கிரம் கோடு விழும், கிரேடு 5ன்னு சொல்ற கலவை இன்னும் கெட்டி, எதுன்னு கேட்டு வாங்குங்க.

தண்ணி கேட்டிருந்தீங்க. 50 மீட்டர்னு போட்டிருந்தா அம்பது மீட்டர் ஆழத்துக்கு குதிக்கலாம்னு அர்த்தம் இல்ல, அந்த ஆழத்து அழுத்தத்த அசையாம இருக்கும்போது தாங்கும்னு அர்த்தம். நீச்சலுக்கு போதும். தண்ணிய தடுக்கறது உள்ள இருக்கற ரப்பர் ரிங்கும் பசையும்தான், அது விலை பாத்து வயசாகறதில்ல. சோப்பு, வெந்நீர் ஆவி, சென்ட் இதெல்லாம் அந்த ரப்பர தின்னும், கடல்ல கெட்டதவிட குளியலறைல கெட்ட வாட்ச்தான் எனக்கு அதிகம் வருது. தொறந்து மூடின ஸ்மார்ட்வாட்ச பிரஷர் டெஸ்ட் பண்ணாம தண்ணில விடவே கூடாது, செஞ்சது நானா இருந்தாலும்.

விலை உசந்ததுல ஒரு வகைய மட்டும் தனியா வெக்கணும், மலை ஏறறவங்க, நாள் கணக்குல ஓடறவங்க, ஆழத்துல டைவ் அடிக்கறவங்க கட்டற வாட்ச். அதுல காசு வேலை செய்யற எடத்துக்கு போகுது, ஒரு வாரத்துக்கு மேல நிக்கற பேட்டரி, ரெண்டு அலைவரிசை ஜிபிஎஸ், நெட்வொர்க் இல்லாம ஓடற மேப். அதுலயும் ஒரு கட்டத்துக்கு மேல போனா மறுபடி நகைக்கடைதான், கார்மின்ங்கற ஸ்போர்ட்ஸ் வாட்ச் கம்பெனி 2019ல விட்ட மார்க் வரிசைய எடுத்தீங்கன்னா அவங்களோட ஃபீனிக்ஸ் வாட்ச் செய்யற வேலைதான் பெரும்பாலும், மேல போட்ட சட்டை வேற. நீங்க மலை ஏறறதா எழுதல, அதனால இதோட விட்டுடறேன்.

என் பக்கம் இருக்கற சாய்வையும் சொல்லணும். மெக்கானிக்கல் வாட்ச்லதான் எனக்கு சோறு, அதனால அத ஒசத்தியா பேசறேன்னு நீங்க நெனச்சா தப்பில்ல. நேரம் காட்டறதுன்னு மட்டும் பாத்தா மெக்கானிக்கல் தோத்துடும், வாட்ச் துல்லியத்த சோதிக்கற கோஸ்க்ங்கற சுவிஸ் அமைப்புகிட்ட சான்றிதழ் வாங்கின மெஷினுக்கே ஒரு நாளைக்கு 4 வினாடி பின்தங்கறதுல இருந்து 6 வினாடி முந்தறது வரைக்கும் அனுமதி உண்டு, உங்க ஸ்மார்ட்வாட்ச் நெட்ல இருந்து நேரத்த எடுத்துக்கும். அஞ்சாறு வருஷத்துக்கு ஒரு தடவ சர்வீஸ் செலவும் இருக்கு, அது சின்ன செலவில்ல. அப்புறம் "மெக்கானிக்கல் வாட்ச் வாங்கினா விலை ஏறும்"னு சொல்றவங்க பேச்ச கேக்காதீங்க, விலை நிக்கறது சில பிராண்டோட சில மாடல்தான், மிச்சம் எல்லாம் கடைய விட்டு வெளிய வந்ததும் எறங்கும். ஆனா எறங்கி எங்கயோ ஒரு எடத்துல நிக்கும், ஏன்னா ஓடிக்கிட்டிருக்கு. ஸ்மார்ட்வாட்ச் எறங்கறது நிக்காம எறங்கி, பேட்டரி செத்ததும் பூஜ்யத்துக்கு பக்கத்துல போய்டும்.

இவ்ளோ சொல்லியும் கட்டணும்னு ஆசையா இருக்கா, கட்டுங்க. கேஸ்ல செஞ்சிருக்கற வேலைப்பாடு, விளிம்பு சீவின அழகு, பட்டன் அழுத்தும்போது வர்ற அந்த நறுக்குன்ன உணர்ச்சி, இதெல்லாம் பொய் இல்ல, நானே கைல வாங்கி ரசிச்சிருக்கேன். விலைய நாலால வகுத்து பாருங்க, வர்றது ஒரு வருஷ வாடகை. அந்த வாடகைய மனசார குடுப்பீங்கன்னா பிரச்சனை இல்ல. இல்ல, ஆடம்பரமும் வேணும் காசும் வீணாகக் கூடாதுன்னா ஒரு குறுக்கு வழி இருக்கு, காச வாட்ச்ல போடாம ஸ்ட்ராப்ல போடுங்க. ஆப்பிள் வாட்ச்ல 2015ல வந்த பெரிய சைஸ் ஸ்ட்ராப் இன்னிக்கு வர்ற பெரிய சைஸ்லயும் மாட்டும், ஹெர்மெஸ்ங்கற ஆடம்பர பிராண்டோட தோல் ஸ்ட்ராப்பா இருந்தாலும் சரி. வேற கம்பெனி வாட்ச்னா 20 மில்லிமீட்டர், 22 மில்லிமீட்டர்னு பொது அளவு இருக்கறதா பாத்து எடுத்தா எந்த நல்ல ஸ்ட்ராப்பும் போடலாம். வாட்ச் மூணு தடவ மாறும், ஸ்ட்ராப் அதேதான் இருக்கும். இந்த தொழில்ல ஆயுசு நீண்டது ஸ்ட்ராப்னு நான் சொல்வேன்னு இருபது வருஷம் முன்னாடி யாராவது சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன், அப்பெல்லாம் மொதல்ல அறுந்து போறதே அதுதான்.

கடைல காசு குடுக்கறதுக்கு முன்னாடி கேக்க வேண்டியதுல முக்கியமானது பேட்டரி மாத்த எவ்ளோ, அத எத்தன வருஷத்துக்கு செய்வீங்க, செஞ்சப்புறம் தண்ணி தாங்கும்னு திரும்ப உத்தரவாதம் தருவீங்களாங்கறது. இத எழுத்துல குடுக்க சொல்லுங்க. வாய்ல "லைஃப்டைம் சப்போர்ட் சார்"னா யாரோட லைஃப்னு கேளுங்க. சில லக்சுரி பிராண்ட்ல பேட்டரிய அங்கயே மாத்தாம வெளிநாட்டுக்கு அனுப்புவாங்க, வாரக்கணக்குல கை வெறுங்கையா இருக்கும், அதையும் விசாரிச்சுக்குங்க. கடைல ஒரு அரை மணி நேரம் கைல கட்டிட்டு நடந்து பாருங்க, ஃபோட்டோல அழகா இருக்கற 45 மில்லிமீட்டர் கேஸ் சின்ன மணிக்கட்டுல சோப்பு டப்பா மாதிரி நிக்கும்.

பொண்ணுக்கு என்ன வயசுன்னு நீங்க எழுதல. சின்ன கொழந்தைன்னா அவ கட்டற வயசு வர்றப்ப இப்ப இருக்கற எந்த ஸ்மார்ட்வாட்சும் ஆன் ஆகாது, அவளுக்கு புடிச்சத அவளே வாங்கிப்பா. குடுக்கணும்னு ஆசைன்னா பாத்து வெச்சிருக்கற காசுல ஒரு பகுதிக்கு சாதாரண ஸ்மார்ட்வாட்ச் ஒண்ணு நீங்க கட்டிக்குங்க, மிச்சத்துக்கு உள்ள பொதுவான மெஷின் போட்ட, பார்ட் எங்கயும் கெடைக்கற ஒரு மெக்கானிக்கல் வாட்ச் வாங்கி அதையும் அப்பப்ப நீங்களே கட்டுங்க, பெட்டிலயே பூட்டி வெக்காதீங்க. ஒருவேள ஏற்கனவே அந்த லக்சுரி ஸ்மார்ட்வாட்ச வாங்கிட்டுதான் கேக்கறீங்கன்னா, கட்டாத நாள்ல முழுசா காலி பண்ணி அலமாரில போடாதீங்க, பாதி சார்ஜ்ல ஆஃப் பண்ணி சூடு படாத எடத்துல வெச்சு, ஆறு மாசத்துக்கு ஒருக்கா எடுத்து திரும்ப பாதிக்கு ஏத்துங்க.